எண்பதாம் பெட்டியின் பெரிய கண்

எங்கள் அண்ணனை அரிப்பு ஊர்ச் சேமக்காலையில் மண்ணுக்குக் கொடுத்து இன்றோடு முப்பத்தொரு நாள். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் இனசனத்துக்கும் ஊரவர்களுக்கும் அண்ணனின் ஒரே தங்கச்சி கும்பிட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, என் மகளைக் கட்டிய, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற சட்டம்பியார் எழுதுகிறார். அச்சுக்கு ஏற்றபடி திருத்தித்தான் எழுதுகிறார். அவர் திருத்தாமல் விடவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது வரும்போது சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நான் இன்னும் அழவில்லை. பெட்டி மூடும்போதும் அழவில்லை. அண்ணி மயங்கி விழுந்தபோது அவவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அடுப்பில் கோப்பித் தண்ணி கொதிக்கிறதே, யாராவது இறக்குவார்களா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குள் மணல் விழுந்தது போல ஒரு எரிவு, அவ்வளவுதான். ஆகவே இதில் ஒப்பாரி இருக்காது. இருந்ததைச் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது அரிப்பில். எங்கள் அப்பு, எங்களைப் பெற்றவர், கடலுக்குப் போனவர். அண்ணனுக்குப் பத்து வயதாகும்போது கச்சான் காற்றில் அப்புவின் தோணி திரும்பவில்லை. அதன்பிறகு அம்மா அண்ணனைக் கடலில் கால் வைக்க விடவில்லை. கீழக்கரையிலிருந்து வந்து எங்கள் ஊரில் தங்கியிருந்த ஒரு பித்தளை வேலைக்காரரிடம் கொண்டுபோய் விட்டா. அங்கேதான் அண்ணன் மாவும் மணலும் அரிக்கிற அரிதட்டுச் செய்யப் பழகினார். அரிப்பில் பிறந்தவன் அரிக்கிற வேலைக்குத்தானே போவான் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். வெயில் காலத்தில் உடம்பு சொறிந்தாலும் அதையே சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை வருடம்தான் சிரிப்பது! ஆனால் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அரிதட்டில் இருப்பதை ஓட்டை என்று சொல்லக்கூடாது. கண் என்றுதான் சொல்லவேண்டும். ஓட்டை தானாக விழுவது, கண் திறப்பது என்பார் அண்ணன். நான் மறந்து ஓட்டை என்று சொல்லிவிட்டால், வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். ஏச மாட்டார். பார்ப்பார். நான் "கண், கண், கண்" என்று மூன்று தரம் சொன்னபிறகுதான் சுத்தியலை எடுப்பார்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஓட்டையர் என்று பட்டப்பெயர் வந்தது. அரிப்பிலிருந்து அடம்பன்வரைக்கும் அந்தப் பெயர்தான். போன கிழமை சின்ன மச்சான் இந்த மலரின் முதல் பக்கத்தை அச்சுக்கூடத்திலிருந்து கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினார். அவர் எங்கள் மாமியின் மகன், அண்ணனின் வயதுதான். இந்த மலருக்காக ஓடித்திரிந்ததும் அவர்தான். "ஓட்டையர் என எல்லோராலும் அன்பாக அழைக்கப்பட்ட" என்று வாசித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"அந்தச் சொல்லை எடுங்கோ மச்சான்."

"என்ன மச்சாள் விளையாடுறியளோ? அந்தப் பேரைப் போடாட்டி ஆருடைய மலர் எண்டு ஊருக்குத் தெரியாது. அன்பாகத்தானே போட்டிருக்கிறன்."

"அன்பாகப் போட்டாலும் அது ஓட்டைதான்."

"நாப்பது வரியமாக் கூப்பிட்ட பேர். அவனே கேட்டுச் சிரிச்சவன்."

"அவர் சிரிச்சவர். அது அவருடைய பேரில்லை. அது என்னுடைய பேர்."

மச்சான் சட்டம்பியாரைப் பார்த்தார். கவலையில் எனக்குத் தலை சரியில்லை என்று நினைத்திருப்பார். அதனால்தான் இந்தக் கட்டுரை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். யாரால் வந்தது என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் இப்போது இல்லை.

எனக்கு அப்போது பதின்மூன்றோ பதினான்கோ. மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்த வருடம். இப்போது போய்ப் பார்த்தால் அங்கே காடும் மணலும்தான். அப்போது ஒரு மாதத்துக்குள் தென்னோலைக் கிடுகால் ஒரு பட்டணமே எழும்பியது. அரபுக்காரர், இந்தியாவிலிருந்து வந்த அக்கரைக்காரர், துரைமார், கந்தோர், பொலிஸ், கடைத்தெரு, எல்லாம். காலையில் வெடி கேட்டால் தோணிகள் ஓடும். சிப்பியை அழுக வைத்து, கழுவி, முத்தை எடுப்பார்கள். தென்காற்று அடித்தால் அந்த நாற்றம் எங்கள் வீட்டுச் சோற்றுக்குள்ளும் வரும். ஈ, இலையான் கூட்டத்தைச் சொல்ல முடியாது. நான் ஒரு நாள் தேத்தண்ணியோடு ஒன்றை விழுங்கியே விட்டேன்.

எடுத்த முத்தைப் பருமன் பார்த்துப் பிரிப்பதற்குப் பெட்டி வேண்டும். பெட்டி என்றால் மூடியுள்ள பெட்டி இல்லை. பித்தளைக் கிண்ணம், அடி முழுக்கக் கண். பத்துப் பெட்டி சேர்ந்தது ஒரு அடுக்கு. முதல் பெட்டியில் இருபது கண், அதன் பெயர் இருபது. பிறகு முப்பது, ஐம்பது, எண்பது, நூறு என்று போய் ஆயிரத்தில் முடியும். கண்ணின் எண்ணிக்கை கூடக்கூடக் கண் சிறுக்கும். எல்லா முத்தையும் மேற்பெட்டியில் போட்டு ஆட்டினால், பெரியது மேலே நிற்கும், சின்னது அடுத்ததற்கு இறங்கும். எந்தப் பெட்டியில் நிற்கிறதோ அதுதான் அந்த முத்தின் தரம். கண் கொஞ்சம் பெருத்தால் முத்து கீழே விழும். விழுந்தால் அதன் மதிப்பும் விழும். அதனால் பெட்டி செய்கிறவரின் கையை வியாபாரிகள் சத்தியம் போல நம்பவேண்டும்.

அக்கரையிலிருந்து வந்த ஒரு செட்டியார், அந்த வருடம் அண்ணனிடம் ஒரு அடுக்குச் செய்யச் சொன்னார். அண்ணன் முதன்முதலாகத் தனியே செய்த முழு அடுக்கு அது. அது சரிவந்தால் மற்ற வியாபாரிகளும் வருவார்கள், பிறகு ஒவ்வொரு குளிப்புக்கும் அவர்தான் பெட்டிக்காரர். ஒவ்வொரு கண்ணையும் துளையாணியால் திறந்து, அளவுக் கம்பி விட்டுப் பார்த்து, சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து மணலில் விழும் வெளிச்சப் பொட்டுகளையும் பார்ப்பார். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசுகாலம் முழுக்க அதுதான் அவருடைய செபம். பெரிய சனிக்கிழமை காலையில் முடித்தார். துணியில் கட்டிவைத்துவிட்டுக் குளித்துக் கோயிலுக்குப் போனார். உயிர்த்த ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

அம்மா என்னிடம் பணியாரத்துக்கு மா அரிக்கச் சொல்லிவிட்டுத் தேங்காய்க்குப் போனா. எங்கள் மா அரிதட்டை எலி கடித்திருந்தது. பெட்டி செய்கிறவர் வீட்டில் மா அரிக்க ஒரு நல்ல தட்டு இல்லை, பாருங்கள்.

நான் துணியை அவிழ்த்தேன். அந்தப் பத்துப் பெட்டியும் ஒன்றுக்குள் ஒன்று இருந்த அழகை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. பொன் மாதிரி மின்னியது. மாவை மேற்பெட்டியில் கொட்டிச் செட்டியார் ஆட்டுவது போல ஆட்டினேன். மா ஒவ்வொரு பெட்டியாக இறங்கி ஆயிரத்துக்குக் கீழே விழுந்தது. விபூதி கூட அவ்வளவு மெல்லிசாக இராது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இது ஆணி முத்து, இது தூள் முத்து" என்று தனியே கதைத்துக்கொண்டிருந்தேன். உருட்சியிலும் ஒளியிலும் குறையில்லாத முத்தைத்தான் ஆணி என்பார்கள்.

எண்பதில் ஒரு வறுத்த மாக்கட்டி இறுகிக்கொண்டது. விரலால் தள்ளினேன், போகவில்லை. ஈர்க்கு முறிந்தது. வேலியில் அப்புவின் பழைய தோணி ஆணி ஒன்று செருகிக் கிடந்தது. அதை எடுத்துக் குத்தினேன். கட்டி போய்விட்டது. கண்ணும் கொஞ்சம் விழித்துக்கொண்டது. அகப்பைக் காம்பால் தட்டித் தட்டிப் பார்த்தேன். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். துடைத்து, அடுக்கி, அண்ணன் போட்ட அதே முடிச்சைப் போட்டுவைத்தேன். அடுத்த நாள் அண்ணன் ஒன்பது பணியாரம் சாப்பிட்டார்.

மறிச்சுக்கட்டியில் நடந்ததை நான் காணவில்லை. கூடப் போன சின்ன மச்சான் சொல்லித்தான் தெரியும். செட்டியார் தன் பழைய அடுக்கில் எண்பதில் நின்ற ஒரு ஆணி முத்தைப் புது அடுக்கில் போட்டு ஆட்டினாராம். அது எண்பதில் நிற்காமல் நூறுக்கு இறங்கிவிட்டது. திரும்பவும் போட்டார். திரும்பவும் இறங்கியது. எண்பதாம் பெட்டியைச் சூரியனுக்குத் தூக்கிப் பிடித்தார். மணலில் எழுபத்தொன்பது பொட்டு ஒரே அளவு, ஒன்று மட்டும் பெரியது.

"என்னப்பா இது? வாங்குறவன் எவனாச்சும் உன் கையில ஏதாவது வச்சானா?" என்று கேட்டாராம் செட்டியார்.

கேட்டது கள்ளன் என்பதற்குக் குறையாத சொல். சுற்றிவர ஆட்கள். அண்ணன் பெட்டியை வாங்கி, அந்தக் கண்ணைப் பார்த்து, விளிம்பின் உட்பக்கம் விரலை விட்டுத் தடவி, விரலை நாக்கில் வைத்தாராம். பிறகு சொன்னாராம்:

"இல்லை ஐயா. என்ரை கை தவறிப்போச்சு."

செட்டியார் அடுக்கைத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சின்ன மச்சான் வீட்டுக்கு வந்து எங்கள் முற்றத்தில் நின்று நடித்துக் காட்டினார்.

"மாமி, உங்கடை மகன் பித்தளையை நக்கிப் பாத்தவன்! உப்புக் காணுமோ எண்டு பாத்தவனாக்கும்! இனி இவன் பெட்டிக்காரன் இல்லை, ஓட்டையர்!"

அம்மாகூடச் சிரித்துவிட்டா. நான் சிரிக்கவில்லை. அண்ணன் நாக்கில் வைத்தது என்ன என்று எனக்குத் தெரியும். வறுத்த அரிசி மா.

அன்று பின்னேரம் அண்ணன் ஒரு தகரத்தை வெட்டி, இருந்த இருப்பில் ஒரு மா அரிதட்டுச் செய்தார். அதை அம்மாவிடம் கொடுத்தார். "வீட்டிலை மா அரிக்க ஒண்டு இருக்கவேணும்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. நான் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். நாளைக்கு நாளைக்கு என்று எனக்குக் கலியாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன, பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள்.

அதன்பிறகு எந்த முத்து வியாபாரியும் அண்ணனிடம் வரவில்லை. மன்னாருக்கு ரயில் பாதை போட்ட காலத்தில் சல்லிக்கல் பிரிக்கும் வேலைக்குப் போனார். ஆள் நிற்கும் உயரத்தில் இரும்பு உருளை, அதன் உடம்பு முழுக்கக் கண். ஒரு பக்கம் சின்னக் கண், நடுவில் நடுத்தரம், கடைசியில் பெரிது. கல்லைக் கொட்டிச் சுற்றினால் மணல் முதலில் விழும், சல்லி அடுத்து, பெருங்கல் கடைசியில். அந்த உருளையில் தேய்ந்த தகடுகளை மாற்றிப் புதிதாகக் கண் திறப்பது அண்ணன்தான். முத்துக்கு வைத்திருந்த அளவுக் கம்பியைப் போல, கல்லுக்கும் ஒரு தடித்த கம்பி செய்து ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று தரம் விட்டுப் பார்ப்பாராம். "கல்லுக்கு இவ்வளவு வேண்டாம்" என்று துரை சொன்னதற்கு, "கல்லுக்கு வேண்டாம், எனக்கு வேணும்" என்றாராம். துரைக்குத் தமிழ் விளங்கவில்லை. அது நல்லதுக்குத்தான்.

பிறகு முள்ளிக்குளத்தில் கலியாணம். பெண் பார்க்கப் போன இடத்தில் அவர்களுடைய இடியப்ப உரலைக் கேட்டு வாங்கி, வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பெண் வீட்டார் திகைத்துப் போனார்கள். "பொம்பிளையைப் பாக்க வந்தவரோ, உரலைப் பாக்க வந்தவரோ?" என்று அண்ணி உள்ளே இருந்து கேட்டது வெளியில் கேட்டது. அந்தக் கேள்விக்காகவே கட்டினேன் என்று அண்ணன் பின்னாட்களில் சொல்வார். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ஏழு வயதில் காய்ச்சலில் போனாள். அதைப்பற்றி அவர் பேசுவதில்லை, நானும் பேசவில்லை.

கடைசி இருபது வருடம் அடம்பனில் நெல்லுக் குற்றும் மில்லில் வேலை. அங்கே பெரிய தட்டுகள் சாய்வாக ஆடிக்கொண்டே இருக்கும். தவிடு ஒரு பக்கம், குறுணி ஒரு பக்கம், முழு அரிசி ஒரு பக்கம். தட்டு கிழிந்தால் அண்ணனைக் கூப்பிடுவார்கள். வண்டிக்காரர்கள், "ஓட்டையர் இருக்கிறாரோ? எங்கடை அரிசியிலை குறுணி விழுது" என்று சத்தம் போடுவார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டு வருவார். எத்தனையோ தரம் நான் அங்கே நின்றிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் எனக்குத்தான் யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருக்கும். அவர் ஒருநாளும் ஒருவரையும் கடிந்து பேசியதில்லை என்று எல்லோரும் சொல்கிறீர்கள். உண்மை. எனக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது.

தவிட்டுத் தூசு நெஞ்சில் இறங்கித்தான் அண்ணன் படுத்தார். அடம்பனிலிருந்து மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அரிப்புக்குக் கொண்டுவந்தோம். கோயில் சுவாமி வந்து, சாகக் கிடப்பவருக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். அடுத்த நாள் காலை, அண்ணி கோயிலுக்குப் போயிருந்தபோது, நான் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். இனி நாளைக்கு என்று ஒன்று இல்லை என்று தெரிந்தது.

"அண்ணை, அந்த எண்பதாம் பெட்டி..." என்று தொடங்கினேன்.

அவர் கையை உயர்த்தினார். மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டார்.

"என்னத்தாலை குத்தினனீ?"

"என்ன அண்ணை?"

"கண் சதுரமாக் கிழிஞ்சு கிடந்தது. என்ரை ஆயுதம் ஒண்டும் சதுரம் இல்லை. நாப்பது வரியமா யோசிக்கிறன். என்னத்தாலை?"

"தோணி ஆணியாலை. அப்புவின்ரை ஆணி. வேலியிலை கிடந்தது."

அவர் கண்ணை மூடினார். சரி, வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் வயிறு குலுங்குகிறது.

"ஆணியாலைதான் ஆணி விழுந்திருக்கு," என்றார். சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன. நெஞ்சைத் தடவிவிட்டேன்.

"ஏன் அண்ணை அண்டைக்குச் சொல்லேல்லை? கள்ளன் எண்டு கேட்டாங்களே."

"சொன்னா என்ன? கை தவறினவனைப் பாத்து ஊர் சிரிக்கும். நீ மா அரிச்சது எண்டா உன்னைச் சிரிக்கும். கட்டிக் குடுக்க வேண்டிய பிள்ளை." ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டுச் சொன்னார்: "அதோடை, அந்தப் பணியாரம் நல்லாயிருந்தது. ஒரு கட்டி இல்லை. அதுக்குப் பிறகு அப்பிடி ஒண்டு நான் தின்னேல்லை."

மூன்றாம் நாள் போய்விட்டார்.

சட்டம்பியார் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, "மாமி, இதை நினைவு மலரிலை போடுறதோ? ஊர் உங்களைச் சிரிக்குமே" என்று கேட்டார். சிரிக்கட்டும் என்றேன். நாற்பது வருடம் அண்ணன் என் பங்குச் சிரிப்பையும் சேர்த்துக் கேட்டுவிட்டார். சட்டம்பியார் திருத்தாமல் விடவேண்டிய இடம் இதுதான். இப்படியே அச்சடியுங்கள்: அண்ணனின் கை ஒருநாளும் தவறவில்லை. எண்பது கண்ணையும் அவர் சரியாகத் திறந்தார். ஒன்றை ஓட்டை ஆக்கியது நான். யாருக்காவது அந்தப் பட்டப்பெயர் இல்லாமல் இருக்க முடியாது என்றால், என்னைப் பார்த்துக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பேன்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். காய்ச்சல் காலத்திலும் நடந்து வந்த சுவாமிக்கு. அடம்பனிலிருந்து குழி பார்த்துக் குழி பார்த்து வண்டியை மெதுவாக ஓட்டிவந்தவருக்கு. ஒரு கிழமை எங்கள் வீட்டில் அடுப்பை அணையவிடாமல் பார்த்த பெண்களுக்கு; அன்று கொதித்த கோப்பித் தண்ணியை இறக்கியது யாரென்று இன்னும் தெரியவில்லை, அவவுக்கும். பழைய நடிப்பை நினைத்து என் முற்றத்தில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, "எடுத்துப்போட்டன் மச்சாள்" என்று சொன்ன சின்ன மச்சானுக்கு. முதல் பக்கத்தில் ஈய எழுத்தில் கோத்திருந்த அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கழற்றி, அதது அதன் அறையில் போட்ட அச்சுக்கூடத்துக்காரருக்கு. அதுவும் ஒரு அரிப்புத்தானே. அண்ணன் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

இன்று பூசைக்குப் பிறகு எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். பணியாரம் வைத்திருக்கிறோம். அண்ணன் அன்று வெட்டிய தகரத் தட்டு இன்னும் இருக்கிறது. அதில்தான் மா அரித்தது. அரித்தது நான். கட்டி ஏதாவது பல்லில் பட்டால் என்னிடம் சொல்லுங்கள். அண்ணனைச் சொல்லாதீர்கள்.